பன்றியின் உள்ளே கம்பி

கண்காட்சிப் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
தொடக்க காலப் படைப்புகள், தற்போது இருக்குமிடம்.
மல்லாவி என்று எழுதி வெட்டினேன்.
மண் என்று எழுதி
அதையும் வெட்டினேன்.

தொண்ணூற்றெட்டில் எனக்குப் பத்து வயது.
பள்ளிக்கூடத்துக்குப் பதுங்குகுழி வெட்டினார்கள்.
மேலே செம்மண், அடியில் சாம்பல் களி.
எல்லோரும் குழிக்குள் இறங்கிப் பழகினார்கள்.
நான் குவியலில் ஏறினேன்.

முதலில் யானை.
காய்ந்ததும் தும்பிக்கை விழுந்தது.
பன்றி என்று பெயர் மாற்றினேன்,
யாரும் மறுக்கவில்லை.
கால்கள் ஒடியாமலிருக்க
அண்ணனின் சைக்கிள் கம்பியை நறுக்கி
நாலு துண்டு உள்ளே விட்டேன்.
அண்ணன் ஒரு கிழமை என்னைத் தேடினான்.

பிறகு ஆட்கள்.
கக்கத்தில் பைலோடு நிவாரணம் பதியும் விதானையார்,
கழுத்து தாங்காமல் தலையைக் கையில் கொடுத்தேன்.
ஊசியால் இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி
மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் சதானந்தம்,
புகை மட்டும் செய்ய வரவில்லை.
கண்ணே இல்லாத ஒரு உடும்பு.
குந்தியிருந்து எதையோ எண்ணும் ஒரு பெண்,
அது யாரென்று அப்போதும் தெரியாது.

யோணாஸின் பேக்கரிக்கு மாவு வரும் நாளில்தான்
போறணை எரியும்.
பாண் வெளியே வந்த சூட்டில்
என் தட்டு உள்ளே போகும்.
கூலி, அவரை ஒருமுறை செய்ய வேண்டும்,
வயிறு இல்லாமல்.
செய்தேன்.
மனுசிக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை.

அது சுடல் அல்ல, வெறும் உலர்த்தல் என்று
பின்னாளில் படித்தேன்.
அறுநூறு பாகைக்குக் கீழே
களி எதையும் மறப்பதில்லை,
தண்ணீர் பட்டதும் திரும்பிப் போய்விடும்.
விதானையார், சதானந்தம், உடும்பு,
வயிறில்லாத யோணாஸ்,
எண்ணி முடிக்காத அந்தப் பெண்,
எல்லோரும் ஒரு மார்கழிக்குள் போயிருப்பார்கள்.
பன்றி மட்டும்
தட்டிலிருந்து வழுக்கித் தணலுக்குள் விழுந்தது.
மறுநாள் சாம்பல் அள்ளும்போது எடுத்தோம்,
வயிற்றில் ஒரு வெடிப்பு,
தட்டினால் சட்டிச் சத்தம்.

இரண்டாயிரத்து எட்டில் மல்லாவி வெறுமையானபோது
நான் தூக்கியது அரிசிப் பையை.

போன மாதம் மாங்குளத்தில் சட்டை தைக்கப் போனேன்.
யசோதினியின் மேசையில் காற்றாடி சுழன்றது.
சீட்டுகள் பறக்காமலிருக்க
அவற்றின் மேலே நின்றது பன்றி.
"இதெங்க எடுத்தனீங்கள்?"
"கண்ணிவெடி எடுக்கேக்க.
மெசின் கத்தினது, நாலு இடத்தில, கிட்டக் கிட்ட.
குப்புறப் படுத்து
தூரிகையால தட்டித் தட்டி
இரண்டரை மணித்தியாலம்.
முதல்ல மூக்குத் தெரிஞ்சுது.
பிள்ளையள நினைச்சுக்கொண்டு கிடந்தன், அக்கா.
பிறகு பாத்தால், பண்டி."
ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.
"அண்டைக்கு லைனில இருந்த எல்லாரும்
அழுது அழுது சிரிச்சதுகள்."

அந்த நாலு இடமும்
நான் நறுக்கிய கம்பி.
ஒரு ஆளை இரண்டரை மணித்தியாலம்
மூச்சடக்க வைத்த வேறெதையும்
இதுவரை நான் செய்ததில்லை.

சொல்ல வாயெடுத்தேன்.
"தருவீங்களா?" என்றுதான் வந்தது.
"என்ன விலையெண்டாலும் தரமாட்டன்."
பன்றியைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

ஒன்பதாம் கேள்விக்கு இப்படி எழுதினேன்:
ஒன்று. சுட்ட களி, சைக்கிள் கம்பி.
உயரம் நாலு விரல்.
மாங்குளம், தையல்கடை மேசை.
உரிமையாளர் தர மறுக்கிறார்.

என் சட்டைச் சீட்டும் அதற்குக் கீழேதான் இருக்கிறது.
வியாழக்கிழமை வரச் சொன்னாள்.