செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில்

ஜெலுத்தோங், பதினோராவது மாடி.
செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில்
மூடியில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என் பெட்டி.
பாயான் லெப்பாஸ் ஆலை ஒன்று கழித்துப்போட்ட பலகை,
கொம்தாரில் பேரம் பேசி வாங்கிய இரண்டு ஹார்டிஸ்க்,
அதிராமல் இருக்க மேலே ஒரு பிஸ்கட் டின்,
டின்னுக்குள் எதிலிருந்து கழற்றினேன் என்றே
மறந்துபோன திருகாணிகள்.

மாதாமாதம் இத்தனை வெள்ளி கட்டு,
எல்லாப் படமும் வரும் என்கிறான் மைத்துனன் தேவேந்திரன்.
வரும். சொல்லாமல் போகவும் செய்யும்.
பாதி பார்த்த படம் வெள்ளிக்கிழமை இருந்தது,
சனிக்கிழமை அந்த இடத்தில் சமையல் போட்டி.
வாடகை வீட்டில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும்;
இங்கே சுவரே என்னுடையது.

சரி, அதுவும் முழு உண்மை இல்லை.
சுவரைக் கட்டியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது.
பனி கொட்டும் ஏதோ ஊரில்
வேலை முடிந்து வந்து, சாப்பாடு ஆற ஆற
யாரோ எழுதிய நிரல். கூலி இல்லை, பூட்டும் இல்லை.
பிரித்துப் பார். பிடிக்காவிட்டால் மாற்று.
மாற்றியதை நீயும் ஒளிக்காதே.
இருபத்தாறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள்
இதை நம்பியே கரைந்திருக்கின்றன.

நானும் ஒருமுறை அனுப்பினேன்.
திரையின் அடியில் ஓடும் வசனத்தில்
கொம்பு எழுத்தைவிட்டு விலகி
ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.
நான்கு வரித் திருத்தம்.
ஐந்து மாதம் பதிலில்லை, பிறகு ஒற்றைச் சொல்லில் நன்றி.
இப்போது எங்கோ யாரோ
'கோபம்' என்பதைக் கோபமாகவே படிக்கிறார்கள்.
நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. நல்லது.

'உங்க இரண்டாந்தாரம்' என்பாள் புஷ்பலீலா, பெட்டியை.
மின்கட்டண பில் வரும் நாளில் பேச்சு கொஞ்சம் நீளும்.

நேற்று அந்தியில் இடி விழுந்து பெட்டி நின்றது.
எங்கே நின்றது என்று தேடிப் பதிவேட்டைத் திறந்தேன்.
தேதி, மணி, வரவேற்பறை டிவி, கோப்பின் பெயர்.
அதிகாலை இரண்டு நாற்பது, இரண்டு ஐம்பது,
அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் இல்லாத நாள்களில் மட்டும்.
ஒரே கோப்பு.
ஏழாம் நிமிடம், ஒன்பதாம் விநாடி: நிறுத்தம்.
பின்னுக்கு. மறுபடி. நிறுத்தம்.

பூஞ்சை பிடித்த வீடியோ டேப்பிலிருந்து
ஓட்டிக்கூடப் பார்க்காமல் நான் ஏற்றி வைத்தது.
தொண்ணூற்று மூன்று, பட்டணத்து ஸ்டேடியம்,
பள்ளிகளுக்கிடையே அஞ்சல் ஓட்டம்.
கடைசி ஓட்டக்காரி அவள். என்னிடம் சொன்னதேயில்லை.
ஏழு ஒன்பதில் கை பின்னால் நீண்டிருக்கிறது,
முகம் முன்னால்.
ஏழு பன்னிரண்டில் கோல் மண்ணில்.

மூன்று விநாடி.
அதற்கு இந்தப் பக்கம்
அவள் தோற்கவே இல்லை.

எதையும் திறந்து காட்டு என்று
கண்டவனோடெல்லாம் வாதாடியவன் நான்.
அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி
பதிவு எழுதுவதை நிறுத்தினேன்.
பழையதை அழித்தேன்.
நான் படித்ததை அழிக்கத்தான் கட்டளை இல்லை.
மூலம் திறந்தே கிடக்கட்டும்;
வீட்டுக்குள் யார் எதை எத்தனை முறை என்பது
மூலம் அல்ல.

காலையில் கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்:
"யார் என்ன பாக்கறாங்கன்னு
உங்க பெட்டி எழுதி வைக்குமா?"
"வைக்காது" என்றேன்.

நேற்றிரவு பதினொன்றரையிலிருந்து
அது உண்மை.