மூன்றாவது வரி

ரசீதை என் மேசையில் வைத்தாள் அடைக்கலமேரி.
நான்காய் மடித்து இடுப்பில் செருகியிருந்த வெப்பமும்
புதுவயல் மில்லின் அவித்த நெல் வாசமும்
அதில் இருந்தன.
"இதுல மூணாவது வரிய வாசிங்க சார்."

வீட்டு வரி இருநூற்று இருபது.
குடிநீர்க் கட்டணம் முந்நூற்று அறுபது.
நூலக வரி இருபத்திரண்டு.

"நூலகம்னா இதுதானே?"

இதுதான்.
ஆலங்காவயல் ஊர்ப்புற நூலகம்.
ஒரு பெரிய வீட்டின் பின்வாசலில்
முன்பு கார் நின்ற அறை.
பங்காளிகள் பதினேழு பேரும் வழக்கில் இருக்கிறார்கள்,
கார் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.
தரையில் எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை;
அதன் மேல்தான் குழந்தைகள் பகுதி.

"அப்ப இந்த நாற்காலி யார் காசு?"

பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
ராசிபலனைக் கிழித்துப் போகிறவரைத் தெரியும்.
தேர்வுக் கையேட்டைத் திருப்பித் தராமலே
போலீஸ் ஆனவனைத் தெரியும்.
இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.
நானும்தான்.

மேல்தட்டில், சமையல் குறிப்புகளுக்குப் பின்னால்
நூலகச் சட்டமும் ஊராட்சிச் சட்டமும்
ஒட்டிக்கொண்டு நின்றன.
தேதித்தாளில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

ஷிஃப்ட் முடிந்து தினமும் வந்தாள்.
இமையில் உமித்தூசி.
வரிக்கு அடியில் ஒரு விரலை வைத்து
வாய்விட்டுப் படிப்பாள்,
அரிசியில் கல் பார்க்கிற மாதிரி
ஒவ்வொரு சொல்லாய் நிறுத்தி.
"மேற்படின்னா எந்தப் படி சார், மாடிப்படியா?"
சிரித்துவிட்டேன்.
பேப்பர் படித்தவர்கள் முறைத்தார்கள்.
மறுவாரம் முறைத்தவர்களில் இருவர்
அவரவர் ரசீதோடு வந்தார்கள்.

இதையும் சொல்லிவிட வேண்டும்:
நான் பயந்தேன்.
தலைவரின் மச்சான் தினமும் இங்கேதான் பேப்பர் படிப்பார்.
'சார்தான் தூண்டிவிடுறார்' என்று
ஒரு வாய் சொன்னால் போதும்.
ஒருநாள் அந்தப் புத்தகங்களைத் தட்டில் வைக்காமல்
என் இழுப்பறைக்குள் வைத்தேன்.
அவள் வந்தாள்.
தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
இழுப்பறை தானாகத் திறந்துகொண்டது என்று
கவிதையில் எழுதலாம்.
இல்லை. கொஞ்ச நேரம் கழித்து
நான்தான் திறந்தேன்.

ஆகஸ்ட் பதினைந்து.
கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து,
பத்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கி
முடித்துவிடுகிற கிராம சபை.
ஊருணிக் கரையில் பந்தல். மைக் தலைவரிடம்.
அவள் மைக் இல்லாமல் எழுந்தாள்.
"எங்ககிட்ட வாங்குன நூலக வரி மொத்தம் எவ்வளவு?
அதுல எவ்வளவு
நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டுனீங்க?"

செயலர் பேனாவை மூடினார், திறந்தார்.
வெயில் ஏறுது என்றார் ஒருவர்.
இதெல்லாம் இங்க கேக்குறதா என்றார் இன்னொருவர்.
"இங்கதான்" என்றாள்,
பிரிவு எண்ணைச் சொல்லப் போய் மறந்துவிட்டாள்,
கை நடுங்கியது,
உட்காரவில்லை.
"கேள்வின்னு எழுதிக்கிடுங்க.
பதில் பின்னாடி வரட்டும்."

பதில் இன்னும் வரவில்லை.
என் தலைக்கு மேல் டியூப்லைட்
அதே துடிப்பில்தான் எரிகிறது.
ஆனால் தீர்மானப் புத்தகத்தில், அறுபத்தோராம் பக்கத்தில்
அந்தக் கேள்வி இருக்கிறது,
'அடக்கலமேரி' என்ற பெயருக்குக் கீழே.

நேற்று, அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டு
தகவல் உரிமை மனு எழுத உட்கார்ந்தாள்.
பத்து ரூபாய் ஸ்டாம்பை நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டினாள்.
கடைசியில் தன் பெயர்.
'டை' வந்தபோது அழுத்திய அழுத்தில்
முனை தாளைக் குத்தி
மேசையில் ஒரு நீலப் புள்ளி விழுந்தது.

துணியை எடுத்தேன்.

"கெடக்கட்டும் சார்.
நம்ம மேசைதானே."