நேற்றைய பூ

சுகுபாவில், நான்காம் வளர்ப்பறையில்,
விளக்கை மனிதர்கள் போடுகிறார்கள்;
விடிந்துவிட்டதென்று செடி நம்புகிறது.
இருட்டைத்தான் எண்ணும் இந்தக் கொடி.
விளக்கணைந்து பத்து மணி நேரம் போக
குடையாய்ச் சுருண்ட முகை
சத்தமின்றித் திருகவிழும்.

அசகாவோ. காலை முகம் என்று பொருள்.
மாலைக்கு அதற்கு முகமில்லை.
மதியம் தாண்டினால் விளிம்பு உள்ளே மடங்கும்,
ஊதா சிவந்து, ஈரத்தாளாய்க் குழைந்து,
ஆறு மணிக்கு
லுசிமாராவின் துடைப்பத்துக்கு முன்னால் கிடக்கும்.

ஓனோதெரா அரை மணிக்கொரு படம் எடுப்பவள்.
மூன்று வருடம், பதினோராயிரம் படங்கள்.
வேகமாய் ஓட்டிப் பார்த்தால்
பூ என்பது ஒரு கண்சிமிட்டல்.
ஆனாலும் வாடுவதைச் சோர்வென்று
அவள் எழுதியதில்லை.
இதழுக்குள் ஒரு மரபணு எழுந்து நின்று
‘போதும்’ என்கிறது.
அதற்குப் பிறகுதான் இதழ்
தன்னைத்தானே பிரித்தெடுக்கும்,
சர்க்கரையை மடித்துக் காம்புவழி கீழே அனுப்பும்,
வீட்டைக் காலிசெய்கிறவள்
பல்பையும் கழற்றிக்கொள்வதுபோல.

அந்த மரபணுவில் நாலெழுத்தை வெட்டினார்கள்.
‘போதும்’ சொல்ல நாவில்லாத கொடி.

மறுநாள் காலை
நேற்றைய பூ இன்னும் விரிந்திருந்தது,
இளஞ்சிவப்பாய்.
பக்கத்தில் இன்றைய பூ, ஊதா.
இந்தக் கொடியில் இரண்டு காலைகள்
இதற்குமுன் சந்தித்ததில்லை.
செம்மல் என்று சொல்ல அது உதிரவில்லை.
அலர் என்று சொல்ல, வயதாகிவிட்டது.
ஓனோதெரா படமெடுக்க மறந்தாள்.
அந்த அரை மணி
பட்டியலில் காலியாகவே இருக்கிறது.

மாலை லுசிமாரா தரையைப் பார்த்தாள்.
பெருக்க ஒன்றுமில்லை.
“நோயா இதற்கு?”
“இல்லை. முதுமையை நிறுத்திவைத்திருக்கிறோம்.”

யொகோஹாமா துறைமுகத்தில்
வாழைக்காய்க் கிடங்கில் ஆறு வருடம் இருந்தவள் அவள்.
கப்பலில் பச்சையாய் வரும்.
கதவைச் சாத்தி வாயு விட்டால்
நாலாம் நாள் அறை முழுக்க மஞ்சள் வாசனை,
சட்டையில், தலைமுடியில், தின்னும் சோற்றில்.
“அங்கே விசில் ஊதி எழுப்புவோம்,” என்றாள்.
“இங்கே விசிலையே பிடுங்கிவிட்டீர்கள்.”
பிறகு, கையுறையைக் கழற்றியபடி:
“கீழே அனுப்பவேண்டிய சர்க்கரை?
அது விதைக்குப் போய்ச் சேர்ந்ததா?”

ஓனோதெராவிடம் பதிலில்லை.
ஒரு காகித உறையை எடுத்து
நேற்றைய பூவின் காம்பில் கட்டினாள்.
உறைமேல் தேதி போடப் பென்சிலை வைத்தவள்
எந்த நாளை எழுதுவதென்று
சற்று நின்றாள்.