உண்டியல் எண்ணும் நாள்

சட்டை கூடாது. பை வைத்த எதுவும் கூடாது.
செக்கானூரணி தாண்டிய காவல் சாமி மண்டபத்தில்
வேட்டியை மடித்துக்கட்டி உட்கார்ந்திருக்கிறோம்
பதினெட்டுப் பேர். மேலே கேமரா.
"சாமி கும்பிட்டு வருசமாச்சு சார்" என்றேன்
ஆபீசர் மாயழகுவிடம்.
"எண்ணத் தெரியுமில்ல?"

மஞ்சள் ஒட்டிய பத்து ரூபாய்கள்,
செல்லாத ஆயிரம் ஒன்று,
முடி சுற்றிய தாலிக்குண்டு.
பிறகு அந்த ஐநூறு,
பூத் சிலிப்பில் பொதிந்து.
பின்பக்கம் பென்சிலில்:

ரெண்டு கட்சியும் குடுத்துச்சு.
ஒண்ண மக பீசுக்குச் சேத்துட்டேன்.
இது குடுத்தவனுக்கு நான் குத்தல.
பொய் சொன்ன காசு, நீயே வச்சுக்க.

பேர் இருந்த மூலையை மட்டும் கிழித்திருந்தாள்.

இருபது வருசம் கொடி பிடித்தவன் நான்.
எந்த மேடையிலும் யாரும்
இப்படிக் கணக்கு ஒப்படைத்துப் பார்த்ததில்லை.
நானும்தான் ஒப்படைத்ததில்லை.

மாயழகு எட்டிப் பார்த்தார்.
"ஐநூறு. அத மட்டும் எழுதுங்க."
எழுதினேன்.

சிலிப்பைக் குப்பையில் போடக் கை வரவில்லை.
வைத்துக்கொள்ளப் பை இல்லை.
அரக்கு வைக்கக் காத்திருந்த காலி உண்டியலில்
மடித்துப் போட்டேன்.

கேமராவில் பார்த்தவனுக்கு
காணிக்கை செலுத்தியதாகத்தான்
தெரிந்திருக்கும்.