ஏழு மணிக் கணக்கு

காலை ஏழு.
படித்துறைச் சுவரின் அளவுகோலுக்கு எதிரே குந்துகிறேன்.
தொண்ணூற்றெட்டு.
நேற்று நூற்று மூன்று.
எழுதிக் கையெழுத்திட்டு
ஈரம் படாமல் குறிப்பேட்டை மூடுகிறேன்.
இருபத்திரண்டு வருடமாக
விஸ்துலாவுக்குச் சம்பளக்காரி நான்.

ஆறு இங்கே முழங்கை போல மடங்குகிறது.
மடிப்பின் மேல் கோட்டை:
பாதிக் கோபுரம், முழுப் பெயர்.
ஸ்வீடன்காரர்கள் இடித்தது என்கிறது பலகை.
மிச்சத்தை உருவியது நாங்கள்தான் என்று
பலகை சொல்லாது.
கீழைச் சந்தில் எந்தச் சமையலறைச் சுவரைத் தட்டினாலும்
கோட்டையின் சுண்ணாம்புக்கல்தான் குரல் கொடுக்கும்.

கரையில் தானியக் கிடங்குகள் மூன்று.
கடான்ஸ்க் துறைமுகம் வரை
இங்கிருந்துதான் கோதுமை மிதந்து போனது.
ஒன்றில் இப்போது ஹோட்டல்,
ஒன்றில் அருங்காட்சியகம்,
இன்னொன்றில் புறாக்கள், வாடகையில்லாமல்.

தேவாலயத்தின் தெற்குச் சுவரில்
வெள்ளம் ஏறிய உயரங்களுக்குக் கோடு கிழித்து
வருடம் பொறித்திருக்கிறார்கள்.
மிக உயர்ந்த கோடு என் தலைக்கு மேல் ஒரு முழம்.
கல்யாண ஜோடிகள் அதன் கீழே நின்று படமெடுத்துக்கொள்வார்கள்.
இறங்கிய தண்ணீருக்குக் கோடு போட
சுவர் எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் பாதியில் படகு தரைதட்டியது.
கஸ்பர் ட்ரெலா இரும்பு வடத்தைத் தளர்த்திவிட்டு
சாக்பீஸால் எழுதி வைத்தான்:
'ஆறு விடுமுறையில்.'
அக்கரையில் ஆப்பிள் பறிக்கப் போகிறவர்கள்
செருப்பைக் கையில் பிடித்து
மணல்திட்டு மணல்திட்டாக நடந்தார்கள்.
அலறிச் செடிகளின் கசப்பு வாசம்,
வாய் பிளந்த சிப்பிகள்,
ஒற்றைக்காலில் ஒரு சாம்பல் நாரை.

செவ்வாய்க்கிழமை
நடு ஆற்றில் பழைய கல்லணையின் முதுகு தெரிந்தது.
தூண்டில் பையன்கள் கத்தினார்கள்:
'இந்தக் கல்லில் எழுத்து!'
பாசியைச் செருப்பால் தேய்த்தோம்.
முறிந்த மெழுகுவர்த்தி ஒன்று.
அதன் கீழே, வலமிருந்து இடமாக,
எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத நான்கு வரி.

லுப்ளினிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
தொடைவரை நனைந்து, விரலால் தடவி, சொன்னாள்:
ஹிந்தா. ஸிம்ஹாவின் மகள்.
நாங்கள் பனிக்காலத்தில் சறுக்கி விளையாடும் மேடு
யாருடைய இடுகாடு என்று
அப்போது எவரும் கேட்கவில்லை.
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

'ஜெர்மன்காரன் செய்தது' என்றான் கஸ்பர்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
அன்றிரவு அலுவலக அலமாரியைத் திறந்தேன்.
போர் முடிந்து இரண்டு வருடம் கழிந்த ஒரு ஜூன்:
'அணை பழுதுபார்ப்பு.
மேட்டிலிருந்து கல், நாற்பது வண்டி.
தரமானது, ஏற்கெனவே வெட்டியது.'
அதே நீலக் கட்டங்கள்.
அதே ஓரத்தில்
நான் தினமும் கையெழுத்திடும் இடத்தில்
ஒரு அழகான கையெழுத்து.

சுற்றுலா முடியட்டும் என்றார் நகரத் தலைவர்.
தெற்கே மலைகளில் மழை என்றது வானொலி.
கணக்குப் போட்டேன்: மூன்று நாள்.
கஸ்பர் ஒன்றும் பேசாமல்
படகின் வடத்தை அவிழ்த்து
தன் இழுவைச் சக்கரத்தை மணலில் நட்டான்.
ஹோட்டல் சமையற்காரர்கள் இருவர் வந்தார்கள்.
பாதிரியார் வந்து, கொஞ்ச நேரம் நின்று,
பிறகு அங்கியைச் செருகிக்கொண்டு இறங்கினார்.
கல் எழும்போது
சேறு விட மனமில்லாமல் சப்தமிட்டது.
ஒரு வழிப்போக்கர் கேட்டார்:
'கோட்டைக்கல்லா?'
யாரும் திரும்பவில்லை.

செப்டம்பர் நான்கு. காலை ஏழு.
நூற்று நாற்பத்திரண்டு, கலங்கல்.
படகு ஓடுகிறது.
குறிப்புகள் என்ற கடைசிக் கட்டத்தை
பனிக்கட்டி, களை, கசிவு தவிர எதற்கும் தொட்டதில்லை.
இன்று எழுதினேன்:
எடுத்தது, பதினொன்று.
ஒரு பெயர் தெரியும்.
தண்ணீருக்கு அடியில், எண்ணவில்லை.