முதல் அரைவை

ஐந்தே முக்காலுக்கு ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கும்.
பச்சரிசித் தூக்கோடு குனிந்து நுழைகிறேன்.
"தபாலாபீஸ் அம்மாவா, வாங்க" என்கிறார் சேவுகன்.
நேற்று ராத்திரி கடைசியாக ஓடியது
யாரோ வீட்டுக் கோதுமை.
கல்லின் இடுக்கிலும் துணிக்குழாயின் மடிப்பிலும்
அது இன்னும் தூங்குகிறது.

மூன்று வருஷம் என் வயிறு யாருக்கும் பிடிபடவில்லை.
அல்சர் என்றார்கள். கண்ணேறு என்றார்கள்.
இளைத்துப்போனவளைப் பார்க்க வந்தவர்கள்
ஆளுக்கொரு பாட்டில் பார்லி மால்ட்
அன்போடு கொண்டுவந்தார்கள்.
நானும் அன்போடு குடித்தேன்.

மதுரையில் குடலைக் கிள்ளியெடுத்துப் பார்த்த டாக்டர்
சீட்டில் எழுதினார்:
கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி.
எத்தனை நாளைக்கு சார்?
பேனாவை மூடிவிட்டுத்தான் சொன்னார்,
ஆயுசுக்கும்.
பஸ்ஸில் திருப்பத்தூர் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.
புதுவயல்காரிக்கா கோதுமைப் பத்தியம்?
எந்தப் பக்கம் திரும்பினாலும் அரிசி ஆலை,
காற்றே தவிட்டு வாசம்.

பிறகுதான் தெரிந்தது, அது எங்கெல்லாம் குடியிருக்கிறதென்று.
பெருங்காய டப்பாவில், காயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.
இட்லி யோக்கியம்தான்,
சாம்பாரை நம்ப முடியாது.
பஸ் ஸ்டாண்டுக் கல்லில் ராத்திரி புரண்ட பரோட்டா
காலையில் என் தோசைக்கு அடியில்.
உமையாள் மகள் கல்யாணத்தில்
பூரி குளித்து ஏறிய எண்ணெயில்
வெள்ளைப் பணியாரம் பூவாட்டம் மிதந்தது.
இலைமுன் உட்கார்ந்து வாழைப்பழத்தை மட்டும் உரித்தேன்.
"டயட்டா?" என்றாள் பக்கத்து இலைக்காரி.
ஆமாம் என்பது சுலபமாக இருந்தது.

வீட்டில் எனக்கென்று ஒரு சட்டி, ஒரு கல், ஒரு கரண்டி,
காம்பில் சிவப்பு நூல்.
அவருக்கோ சர்க்கரை. தினம் இரண்டு சப்பாத்தி
அவர் டாக்டர் எழுதிக்கொடுத்தது.
ஒரே அடுப்படி.
ஒருத்தர் மருந்து இன்னொருத்தர் விஷம்.
மாவு பிசையும் நேரம்
ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி நிற்பார்,
பீடி குடிக்கிற பையன் மாதிரி.

ஞாயிறென்றால்
உழக்கில் அரிசியைத் தலைதட்டி
அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாய்க் கொட்டி
ஊறப்போடுவேன், என் சட்டிக்கு, என் எண்ணெய்க்கு.
மற்ற நாள் இடியாப்பம், கேப்பைக் கூழ்,
கவுனியரிசி கறுத்துச் சிவந்து வெந்து தேங்காய்ப்பூவோடு.
மனசு சரியில்லாத அன்று
பழையதும் சின்ன வெங்காயமும்.
சட்னியில் காயம் கிடையாது, பூண்டு இரண்டு பல் கூடுதல்.
பெயரெல்லாம் பழசு.
ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து
வாயில் வைக்கும் பழக்கம்தான் புதுசு,
பூனை மாதிரி.

சேவுகன் பெல்ட்டை மாட்டுகிறார்.
என் அரிசியில் முதல் படி
கல்லைக் கழுவப் போகிறது.
அந்த மாவைத் தனிக் காகிதத்தில் வாங்கிக்கொள்வேன், கோலத்துக்கு.
எறும்புகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் விரதமென்று நினைத்தார்,
எந்தச் சாமிக்கு என்று கேட்டார்.
குடலுக்கு என்றேன்.
மறுவாரம் வந்தபோது
பெயிண்ட் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் துழாவிக்கொண்டிருந்தார்.
கூலியில் ஒரு ரூபாய் ஏற்றவில்லை.

இன்று எனக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார்.
பள்ளத்தூராம், மோட்டார் ரீவைண்டிங்.
மஞ்சள் பையில் இரண்டு கிலோ அரிசி,
சட்டைப்பையில் மடிப்பு கிழிந்த மதுரைச் சீட்டு.
"பையனுக்கு. ஆறு வயசு.
விடிஞ்சா பிஸ்கட் கேட்டு அழுவுறான்."

சேவுகன் என்னைப் பார்க்கிறார்.
"முதல்ல அவருது போடுங்க" என்கிறேன்,
சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு,
"இல்ல இல்ல, என்னுது.
கல்லு கழுவட்டும். அப்புறம் பையனுக்கு."

மோட்டார் இரைகிறது.
பெருங்காயத்தைப் பற்றிக் கத்திச் சொல்கிறேன்,
அவர் காதில் விழவில்லை.
சீட்டை வாங்கி, பின்பக்கம், ஆபீஸ் பேனாவால்
பெரிதாக எழுதுகிறேன்:
காயம், ஜாக்கிரதை.

படித்துவிட்டு அவர்
என் கையைப் பார்க்கிறார்,
எங்கே அடிபட்டிருக்கிறதென்று.