வட்டம் விழாத தட்டு

காலை ஏழேகாலுக்கு இன்குபேட்டரைத் திறந்தேன்.
ஏழாம் கட்டிலின் தட்டு.
மருந்தில் ஊறிய காகிதப் பொட்டுகள் பன்னிரண்டு
நேற்று என் கையால் வைத்தவை.
மருந்து பலித்தால் பொட்டைச் சுற்றி
ஒரு வட்டம் தெளிந்திருக்கும்.
ஒன்றையும் சுற்றி இல்லை.
நாற்றங்கால் போல நெருங்கி
விளிம்புவரை வந்து முட்டி நிற்கிறது கிளெப்சியெல்லா.
கம்பியால் தொட்டால் நூல் நூலாய் இழுபடுகிறது.

பன்னிரண்டு முறை ‘ஆர்’ என்று தட்டினேன்.
அந்த எழுத்து மட்டும் கீபோர்டில் தேய்ந்துவிட்டது.

ஏழாம் கட்டில் பிலவேந்திரன்,
பொதுப்பணித்துறை லஸ்கர்.
வெண்ணாற்றுப் பக்கம் ஷட்டர் ஏற்றி இறக்குகிறவர்.
பைக் சறுக்கித் தலையில் அடி.
வந்த அன்று எடுத்த சளியில் எதுவும் முளைக்கவில்லை;
கையெழுத்து என்னுடையதுதான்.
பதினோராம் நாள் காய்ச்சல்.

ஐந்தாம் கட்டிலில் போன வாரம் ஈகோலை.
இது வேறு இனம்,
இரண்டுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது.
ஜீன் மட்டும் அதே ஜீன்.
அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற சொத்தில்லை இது.
ராத்திரியில் யாரோ வரப்பை வெட்டிவிட
பக்கத்து வயலுக்குப் போகிற தண்ணீர்.
வெட்டியது யாரென்று விடிந்தால் ஒருவருக்கும் தெரியாது.
தெரியாது என்பதும் பொய்.

ஒரு ஜீன் மருந்தை நறுக்கிப் போடுகிறது.
இன்னொன்று, ஐப்பசி மழையில் மூழ்கிய சம்பாவுக்கு
எஞ்சின் வைத்து இறைப்போமே,
அப்படி வந்த மருந்தை வந்த வழியே
இறைத்து வெளியே விடுகிறது.

கட்டில் கம்பி, வென்டிலேட்டர் குழாய், டாக்டரின் செல்போன்
எல்லாவற்றையும் பஞ்சால் துடைத்து வளர்த்துப் பார்த்தோம்.
கிடைத்த இடம்
கை கழுவும் தொட்டியின் வாய்.

அங்கிருந்து வடிகால்,
வடிகாலிலிருந்து சாக்கடை,
அப்புறம் எந்த வாய்க்கால், எந்தக் கடைமடை?
அவரைத்தான் கேட்க வேண்டும்.
தொண்டையில் குழாய் இருக்கிறது.

பத்து மணிக்கு ஜன்னலில் அமலோற்பவம்,
அவர் மனைவி.
கையில் மஞ்சள் பை, அதில் பாதி தின்ற மாத்திரை அட்டைகள்,
மூன்று கடை, மூன்று வருடம்.
“ஏதோ முளைக்க வச்சிருக்கீங்களாமே, முளைச்சிருச்சா?”
“முளைச்சிருச்சும்மா.”
அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது,
பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.
“முளைச்சா நல்லதா, இல்லியா?”

கொலிஸ்டின் தனியாகக் குழாயில் இருக்கிறது என்றேன்,
கடைசி மருந்து, நாளைக்குத்தான் தெரியும் என்றேன்.
கலங்கினால் என்ன, தெளிந்தால் என்ன என்று
சொல்லவில்லை.
ஜூனில் தண்ணீர் கலங்கி வந்தால்
பாலத்தில் நின்று கைதட்டுகிற ஊர் அவளுடையது.

கையுறையைக் கழற்றினேன்.
கை கழுவப் போய்
குழாயைத் திறக்காமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.